ஒரே குழாயில் பல குரல்கள்

ஊருக்கு ஒரு செய்தியை அறிவிப்பது எப்படி என்பது இன்று நேற்று எழுந்த கேள்வியன்று. ‘மணிமேகலை’யின் முதற்காதைக்கு ‘விழாவறை காதை’ என்று பெயர். இந்திர விழா நடக்கப் போவதைப் புகார் நகரத்தாருக்கு அறிவிக்க முரசை யானையின் பிடரியில் ஏற்றியதை அதில் காண்கிறோம். பிற்காலத்தில் யானை போயிற்று, மனிதன் நடந்தான். முரசு சுருங்கித் தண்டோரா ஆயிற்று. நம் தாத்தா பாட்டியரின் காலத்தில் ஏரி மீன் ஏலம், வரி வசூல், அம்மன் கோயில் காப்புக்கட்டு ஆகிய எல்லாச் செய்திகளும் தண்டோராவில்தான் வந்தன. வெயிலிலும் மழையிலும் அதை அடித்துக்கொண்டு நடந்தவர்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே குடியிருத்தப்பட்டவர்கள் என்பதும் நாம் அறிந்ததே.

2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அப்போதைய தமிழகத் தலைமைச் செயலாளர் திரு. வெ. இறையன்பு, மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். தண்டோரா போடும் பழக்கம் இனி வேண்டாம், அறிவியல் வளர்ந்துவிட்ட இக்காலத்தில் வண்டியில் ஒலிபெருக்கியைப் பொருத்தி மூலை முடுக்கெல்லாம் செய்தியைக் கொண்டு சேர்க்கலாம் என்பது அதன் சாரம். செய்தித்தாளில் அதைப் படித்தபோது எங்கள் அறிவியல் மன்றத்தாருக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று. உடனே ஒரு கேள்வியும் உண்டாயிற்று. பறையின் இடத்தில் வண்டி வந்துவிட்டது. அந்த வண்டி பேசுவது காதில் விழுகிறதா? விழுந்தாலும் விளங்குகிறதா?

இது வெறும் விளையாட்டுக் கேள்வியன்று, தோழியரே. அரியலூர் மாவட்டத்தின் தென் எல்லையாகக் கொள்ளிடம் ஓடுகிறது. திருமழபாடி, திருமானூர், ஏலாக்குறிச்சி, தூத்தூர், மதனத்தூர் என்று ஆற்றங்கரை நெடுக ஊர்கள் இருக்கின்றன. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் இரவு, முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே நின்ற பழைய மேலணையில் ஒன்பது மதகுகள் இடிந்து அடித்துச் செல்லப்பட்டன. 2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடிக்கும் மேலாக நீர் திறக்கப்பட்டபோது, அதில் பெரும்பகுதி கொள்ளிடத்தில்தான் விடப்பட்டது. வெள்ளம் என்றால் என்ன என்பதை அரியலூர் அதற்கு முன்பே அறியும். 1956 நவம்பர் 23 அன்று மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய், தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றில் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போதைய இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியது அந்த விபத்தினால்தான். ஆற்றில் நீர் வருகிறது, ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு மேட்டுக்குப் போங்கள் என்று ஒரு வண்டி சொல்லும்போது, ‘ஞொய்’ என்ற இரைச்சலும் கரகரப்புமே கேட்டால் அந்த வண்டியால் யாருக்கு என்ன பயன்?

எனவே வண்டி ஒலிபெருக்கியின் உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்க்கத் தொடங்கினோம். பெரம்பலூரிலும் அரியலூரிலும் இத்தகைய வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. சின்ன வெங்காயம் விற்கும் வேன், தேர்தல் நேரத்துக் கட்சி ஜீப், ஜவுளிக்கடை விளம்பர ஆட்டோ, திருவிழாவில் சப்பரத்துக்கு முன்னால் போகும் மைக் செட் வண்டி ஆகிய எல்லாவற்றிலும் அமைப்பு ஒன்றே. கூரையின் மேல் குழாய். இருக்கைக்கு அடியில் ஓர் ஆம்பிளிபயர். அதற்கு உயிர் கொடுக்கப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. ஆம்பிளிபயர் பல நிறுவனங்களுடையதாக இருக்கலாம். 1940இல் தில்லியில் தொடங்கிய அகுஜா நிறுவனத்தின் பெயரை நம் பக்கத்து மைக் செட்காரர்கள் ஒரு பொருளின் பெயரைப் போலவே சொல்கிறார்கள்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், குழாய் ஒன்று. பேச வேண்டியவர் பலர். நேரில் அறிவிப்பவருக்கு மைக் வேண்டும். தொண்டை வற்றிப் போகாமல் இருக்க, பதிவு செய்த அறிவிப்பு கைப்பேசியிலோ பென்டிரைவிலோ ஓட வேண்டும். முதலில் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைக்க ஒரு சைரன் வேண்டும். மூன்றையும் ஓர் ஆம்பிளிபயரில் எப்படி இணைப்பது? எங்களுக்குப் பல செய்திகளைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த மைக் செட் அண்ணன் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “குழாய்க்கு என்ன பாப்பா தெரியும்? நாம என்ன குடுக்கிறமோ அதத்தான் அது கத்தும்.”

நாம் கொடுப்பது என்ன என்பதை முதலில் அளந்து பார்ப்போம். மைக்கினுள் ஒரு மெல்லிய சவ்வும், அதனோடு ஒட்டிய சிறு கம்பிச் சுருளும், ஒரு காந்தமும் உள்ளன. நாம் பேசும்போது சவ்வு அதிர்ந்து சுருள் அசைய, அதில் மின்சாரம் பிறக்கிறது. அதன் அளவு இரண்டு மில்லிவோல்ட் போல, மிகச் சொற்பம். கைப்பேசியின் காதணி துளையில் வருவதோ ஒரு வோல்ட் வரை போகும். அதாவது மைக்கைப்போல் ஐந்நூறு மடங்கு. கார் ஸ்டீரியோவிலிருந்து அதன் சொந்த ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரிலோ பல வோல்ட் இருக்கிறது. ஒன்று எறும்பு, ஒன்று ஆடு, ஒன்று யானை. இவற்றை ஒரே நுகத்தில் பூட்ட முடியுமா? இதற்காகத்தான் ஆம்பிளிபயரின் முகப்பில் மைக் என்று ஒரு துளையும் ஆக்ஸ் என்று இன்னொரு துளையும் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். மைக் துளைக்குப் பின்னால் கூடுதலாக ஒரு பெருக்கும் பகுதி உண்டு. கைப்பேசியை மைக் துளையில் செருகினால் அந்தப் பகுதி தாங்காமல் ஒலி சிதைந்து கரகரக்கும். மைக்கை ஆக்ஸ் துளையில் செருகினால் ஊமையாகிவிடும். ஊரில் கேட்கும் கரகரப்புக்கு இதுவும் ஒரு காரணமே.

சரி, மைக் தன் துளையில் இருக்கட்டும். கைப்பேசி, பென்டிரைவ் பெட்டி, சைரன் ஆகிய மூன்றுக்கும் ஆக்ஸ் துளை ஒன்றுதானே இருக்கிறது? மூன்று ஒயர்களையும் முறுக்கி ஒரே பின்னில் சேர்த்துவிட்டால் ஆயிற்று என்று பலரும் எண்ணுகின்றனர். கடைகளில் ‘ஒய்’ வடிவ ஒயரும் விற்கிறார்கள். அது ஒரு மூலத்தை இரண்டு இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்க ஏற்றதே தவிர, இரண்டு மூலங்களை ஓரிடத்தில் சேர்ப்பதற்கன்று.

ஏன் கூடாது? இதை விளக்க நம் வயற்காட்டு உவமையே போதும். ஒரே குழாயில் இரண்டு ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களை இணைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மோட்டார் ஓடுகிறது, மற்றது நிற்கிறது. தண்ணீர் வயலுக்கு மட்டுமா போகும்? நின்றிருக்கும் கிணற்றுக்குள்ளும் இறங்கும். கைப்பேசியின் வெளியீடும் பென்டிரைவ் பெட்டியின் வெளியீடும் அவ்வாறே. வெளியே தள்ளுவதற்காகச் செய்யப்பட்ட அவை, உள்ளே வருவதைத் தடுப்பதில்லை. ஒன்று தள்ளும் மின்சாரம் ஆம்பிளிபயருக்குப் போவதைவிட எளிதாக மற்றதற்குள் போய்விடுகிறது. ஒலி குறைகிறது, சிதைகிறது. நாளடைவில் இரண்டு கருவிகளுக்கும் கேடு.

வழி மிக எளியது. ஒவ்வொரு ஒயரின் நடுவிலும் பத்தாயிரம் ஓம் மின்தடை ஒன்றை வைத்து, அதற்குப் பிறகு எல்லாவற்றையும் ஒரு புள்ளியில் சேர்த்து ஆக்ஸ் துளைக்குக் கொண்டு போக வேண்டும். குழாயின் நடுவில் குறுகலான துண்டு ஒன்றைப் பொருத்தியது போல இது. ஒரு மூலத்திலிருந்து மற்றொன்றுக்குள் மின்சாரம் நுழைய வேண்டுமானால் இரண்டு மின்தடைகளைக் கடந்து, அதாவது இருபதாயிரம் ஓமைத் தாண்டிப் போக வேண்டும். பெயரளவுக்கே போகும். ஆம்பிளிபயரோ மிகச் சிறிய மின்சாரத்தையே கேட்பது. ஆதலால் அதற்கு இக்குறுகல் ஒரு பொருட்டன்று.

கைப்பேசியில் இடம், வலம் என இரண்டு வாய்க்கால்கள் உண்டு. நம் வண்டிக் குழாய்க்கு இடமும் இல்லை வலமும் இல்லை. இடத்தையும் வலத்தையும் நேரே சேர்ப்பதும் மேற்சொன்ன தவறே. எனவே கைப்பேசிக்கு இரண்டு, பென்டிரைவ் பெட்டிக்கு இரண்டு, சைரனுக்கு ஒன்று என ஐந்து மின்தடைகள் வேண்டும். எங்கள் மன்றத்தில் சோப்புப் பெட்டி ஒன்றினுள் இவ்வைந்தையும் ஈயம் பற்றவைத்து இணைத்தோம். மின்தடை ஒன்றின் விலை ஒன்றிரண்டு ரூபாய்தான். பின்களும் ஷீல்டு ஒயருமே செலவு வைத்தன.

இதற்கு நாம் கொடுக்கும் விலையும் உண்டு. ஐந்து மின்தடைகள் சேருமிடத்தில் ஒவ்வொன்றிலிருந்தும் வருவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. பேச்சு இடத்திலும் வலத்திலும் ஒன்றாகவே வருவதால், கைப்பேசியின் அறிவிப்பு ஐந்தில் இரண்டு பங்கு கிடைக்கும். ஆம்பிளிபயரின் உள்ளீட்டுத் தடை 47 ஆயிரம் ஓம் என்று கொண்டு கணக்கிட்டால், ஒரு வோல்ட் 0.38 வோல்ட்டாகிறது. ஆக்ஸ் துளைக்கு இது தாராளம். சைரன் மெலிவாகத் தோன்றினால் அதன் மின்தடையை மட்டும் 4.7 ஆயிரம் ஓமாக மாற்றிக்கொள்ளலாம்.

இன்னும் ஒரு சிறு நன்மை செய்ய இடமுண்டு. குழாய்க்குப் போகும் ஒலியில் தாழ்ந்த அதிர்வுகளைக் குறைத்துக்கொள்ளலாம். குழாய் ஸ்பீக்கர் அந்தத் தாழ்ந்த ஒலியை எப்படியும் தராது. அதன் யூனிட்டினுள்ளே இருக்கும் மெல்லிய தகடு மட்டும் வீணாக அடித்துக்கொண்டு கிழியும். சினிமாப் பாட்டின் பறையடிக்கு யூனிட் போய்விட்டது என்று மைக் செட்காரர்கள் நொந்துகொள்வதன் காரணம் இதுதான்.

பலர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால் என்ன ஆகும்? வகுப்பில் ஆசிரியை இல்லாத நேரத்தை எண்ணிப் பாருங்கள்! ஆகவே மைக்கில் பேசும்போது மற்றவை அடங்க வேண்டும். சில ஆம்பிளிபயர்களில் மைக் முன்னுரிமை உள்ளேயே அமைந்திருக்கிறது. இல்லாதவற்றில், கையில் பிடித்து அழுத்திப் பேசும் மைக்கில் இரட்டைச் சுவிட்சைப் பொருத்தலாம். ஒரு பாதி மைக்கைத் திறக்கும். மறு பாதி, நம் சோப்புப் பெட்டியில் ஐந்து மின்தடைகளும் சேரும் புள்ளியை எர்த்துடன் இணைத்துவிடும். அப்போது கைப்பேசியும் சைரனும் பாடிக்கொண்டே இருக்கும்; ஆனால் அவற்றின் ஒலி எர்த்தில் மறைந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பத்தாயிரம் ஓம் நிற்பதால் அவற்றுக்குத் தீங்கில்லை. விரலை எடுத்ததும் மீண்டும் கேட்கும். இத்தனை எளிய ஏற்பாடு இருக்க, ஆளுக்கொரு குரலாக ஏன் இரைய வேண்டும்?

இனி ஓர் எச்சரிக்கை. காரில் ஏற்கெனவே இருக்கும் ஸ்டீரியோவையே ஆம்பிளிபயருடன் இணைக்கலாமே என்று தோன்றும். அதன் பின்புறம் ஆர்.சி.ஏ. துளைகள் இருந்தால் அங்கிருந்து எடுப்பதே நல்லது. அது நம் சோப்புப் பெட்டிக்கு ஏற்ற அளவில் வரும். அவை இல்லாமல் ஸ்பீக்கர் ஒயரிலிருந்து எடுப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். இப்போதுள்ள ஸ்டீரியோக்களில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு ஒயர்களிலும் ஒலி மின்சாரம் எதிர் எதிராகத் துடிக்கிறது. இரண்டில் எதுவும் எர்த் அன்று. பேட்டரி மின்னழுத்தத்தின் பாதி அளவு இரண்டிலும் எப்போதும் நின்றுகொண்டிருக்கும். அவற்றில் ஒன்றை எர்த் என்று எண்ணி வண்டியின் உடலோடு சேர்த்தால், ஸ்டீரியோவின் உள்ளே இருக்கும் ஐ.சி. கருகிவிடும். இடையில் ஒரு சிறு டிரான்ஸ்பார்மர், கடைக்காரர் மொழியில் லைன் அவுட் கன்வர்ட்டர், இருந்தால்தான் இது ஆகும். கம்பித் தொடர்பு இல்லாமலே காந்தத்தின் வழியாக ஒலியைக் கடத்திவிடும் டிரான்ஸ்பார்மரை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அதற்கு இப்படியும் ஒரு வேலை!

கார்களில் மட்டும் பயன்படும் ஆம்பிளிபயர்களில் ‘ரிமோட்’ என்று ஓர் ஒயர் இருக்கும். பெரும்பாலும் நீல நிறம். ஸ்டீரியோ ஓடும்போது அதில் பன்னிரண்டு வோல்ட் வந்து ஆம்பிளிபயரை எழுப்பும். இரண்டு ஸ்டீரியோக்கள் ஓர் ஆம்பிளிபயரை எழுப்ப வேண்டுமானால், இரண்டு நீல ஒயர்களையும் நேரே சேர்க்கக் கூடாது. ஒன்றின் மின்சாரம் அணைந்திருக்கும் மற்றொன்றுக்குள் பின்வழியாகப் போய்விடும். ஒவ்வொன்றிலும் ஒரு டையோடு வைத்தால் போதும். மோட்டார் குழாயில் நம் அப்பாக்கள் பொருத்தும் ‘செக் வால்வு’தான் இந்த டையோடு. முன்னால் விடும், பின்னால் விடாது. 0.7 வோல்ட் குறைந்து 11.3 வரும், ஆம்பிளிபயர் எழுந்திருக்க அது போதும்.

இவ்வளவும் செய்தபின் வண்டியைக் கிளப்பினால் ஒரு புதிய தொல்லை முளைக்கிறது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க உயர்ந்து, விட்டால் தாழ்கிற ‘ஞொய்’ என்ற ஓசை! வண்டியின் ஆல்டர்னேட்டர் பேட்டரிக்கு மின்னேற்றும்போது அதன் துடிப்பு எல்லா ஒயர்களிலும் ஓடுகிறது. கைப்பேசியைச் சிகரெட் லைட்டர் துளையில் சார்ஜ் போட்டுக்கொண்டே, அதன் ஒலி ஒயரை ஆம்பிளிபயரிலும் செருகினால், எர்த்துக்கு இரண்டு பாதைகள் உண்டாகிவிடும். ஒன்று சார்ஜர் வழி. மற்றது ஒலி ஒயர் வழி. இவ்விரண்டும் சேர்ந்து ஒரு வளையமாகி, ஆல்டர்னேட்டரின் துடிப்பை ஒலியோடு கலந்துவிடுகின்றன. கண்டுபிடிப்பது எளிது. எஞ்சினை நிறுத்துங்கள், ஓசை நின்றால் அது ஆல்டர்னேட்டரின் குரல். எஞ்சினை ஓடவிட்டுச் சார்ஜரை மட்டும் பிடுங்குங்கள். அப்போது நின்றால் எர்த் வளையம்தான் குற்றவாளி. சார்ஜ் போடாமலே ஓட்டலாம். முடியாதென்றால் 600 ஓமுக்கு 600 ஓம் என்னும் ஒலி டிரான்ஸ்பார்மரை நடுவில் வைக்கலாம். புளூடூத் வழியாகக் கொடுத்தால் கம்பியே இல்லை, வளையமும் இல்லை. ஆனால் புளூடூத்தில் வேறொரு வேடிக்கை உண்டு. அறிவிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது ஓட்டுநரின் வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் ஊரே அதைக் கேட்கும்! கைப்பேசியை விமான நிலையில் போட்டுவிட்டு, பிறகு புளூடூத்தை மட்டும் திறந்துகொள்வது உத்தமம்.

பேட்டரியிலிருந்து வரும் ஒயரைப் பற்றி ஒருவரும் கவலைப்படுவதில்லை. ஆனால் கணக்குப் போட்டால் திகைப்பாக இருக்கிறது. நாற்பது வாட் ஆம்பிளிபயர் முழு ஒலியில் ஏறக்குறைய ஆறு ஆம்பியர் இழுக்கும். பேட்டரிக்கும் ஆம்பிளிபயருக்கும் ஐந்து மீட்டர் என்றால் போக வரப் பத்து மீட்டர். அரை சதுர மில்லிமீட்டர் மெல்லிய ஒயராக இருந்தால் அதிலேயே இரண்டு வோல்ட் தொலைந்து, பன்னிரண்டு பத்தாகிவிடும். இரண்டரை சதுர மில்லிமீட்டர் ஒயரில் அரை வோல்ட்டுக்கும் குறைவாகவே போகும். இந்த ஒயரில், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்திற்குள், பத்து ஆம்பியர் பியூஸ் இருந்தே தீர வேண்டும். ஆம்பிளிபயரின் பக்கத்தில் பியூஸ் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்போர் உண்டு. நடுவழியில் ஒயர் உராய்ந்து வண்டியின் உடம்பைத் தொட்டால் அந்தப் பியூஸுக்குத் தெரியாது, ஒயர் தீப்பற்றும். பேட்டரி ஒயரும் ஒலி ஒயரும் ஒரே பக்கமாகப் போகாமல், ஒன்று வண்டியின் இடப்புறமும் மற்றது வலப்புறமும் போனால் இரைச்சல் இன்னும் குறையும்.

குழாய்களைப் பற்றியும் ஒரு சொல். பதினாறு ஓம் குழாய்கள் இரண்டைப் பக்க இணைப்பாகப் போட்டால் எட்டு ஓம் ஆகும். ஆம்பிளிபயரின் பின்னால் எட்டு என்று எழுதிய முனையில் கொடுக்க வேண்டும். அதை நான்கு முனையில் கொடுத்தால் ஒலி குறையும். பதினாறு முனையில் கொடுத்தால் ஆம்பிளிபயர் சுடும்.

ஒலியை அதிகமாக்க வேண்டுமானால் பெரிய ஆம்பிளிபயர் வாங்க வேண்டும் என்பது பொதுவான எண்ணம். கணக்கு வேறு சொல்கிறது. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 106 டெசிபல் தரும் குழாய்க்கு இருபத்தைந்து வாட் கொடுத்தால் 120 டெசிபல் வரும். தொலைவு இரட்டிக்க இரட்டிக்க ஆறு டெசிபல் குறைவதால், நூறு மீட்டரில் அது 80 ஆகிறது. இருநூறு மீட்டரில் 74. ஐம்பது வாட் ஆம்பிளிபயர் வாங்கினால் கூடுவது மூன்றே டெசிபல். வண்டியைப் பாதித் தொலைவு கிட்டே கொண்டு போனாலோ ஆறு டெசிபல் கூடுகிறது. நான்கு மடங்கு பெரிய ஆம்பிளிபயர் செய்யும் வேலையை, தெருவுக்குள் திரும்பும் ஸ்டியரிங் செய்துவிடுகிறது! அரியலூர்ச் சாலைகளில் சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளின் ஓசையும், பெரம்பலூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையின் ஓசையும் பேச்சை விழுங்கிவிடும். ஆகவே பெருஞ்சாலையில் நின்று கத்துவதைவிட உள்தெருவில் மெதுவாகப் பேசுவதே மேல்.

கத்துவதற்குச் சட்டத்திலும் எல்லை உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிகளுக்கு வகுத்த அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி நூறு மீட்டருக்குக் குறையாத பகுதி அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. பொது ஆபத்துக் காலத்துக்கு இதில் விலக்கு உண்டு. நள்ளிரவில் ஆற்றுக்கரையில் வெள்ள அறிவிப்பு செய்வதற்குத் தடையில்லை. அன்றாடம் அளவாக ஒலித்தால்தானே அந்த இரவில் ஊர் காது கொடுக்கும்? வெங்காய வேன் தினமும் சைரன் போட்டால், வெள்ளத்தன்று போடும் சைரனும் வெங்காயம் என்றே எண்ணப்படும்.

மைக் ஊளையிடுவதைத் தவிர்ப்பதும் கடினமன்று. குழாயிலிருந்து வரும் ஒலி மீண்டும் மைக்கிற்குள் நுழைந்து, பெருகி, மறுபடி நுழைவதால்தான் அந்த ஊளை. பேசுபவர் வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, மைக்கை வாய்க்கு மிக அருகில் வைத்து, ஆம்பிளிபயரின் மைக் திருகைக் குறைத்துப் பேசினால் ஊளை வராது. தூரத்தில் வைத்துத் திருகை ஏற்றினால் ஊரிலுள்ள நாய்களெல்லாம் பதில் சொல்லும்.

கடைசியாக வண்டியின் வேகம். இதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதாகத் தெரியவில்லை. மணிக்கு இருபது கிலோமீட்டர் என்பது விநாடிக்கு ஐந்தரை மீட்டர். ஒரு வீட்டுக்கு முன்னும் பின்னும் நூற்றைம்பது மீட்டர் வரை பேச்சு தெளிவாகக் கேட்கிறது என்று கொண்டால், வண்டி அந்த முந்நூறு மீட்டரைக் கடக்க ஐம்பத்துநான்கு விநாடிகள் ஆகும். பதினெட்டு விநாடி அறிவிப்பு அந்த வீட்டாருக்கு மூன்று முறை கேட்கும். நாற்பது கிலோமீட்டரில் போனால் ஒன்றரை முறைதான். அடுப்படியில் இருப்பவர் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் வண்டி போய்விடும். அறிவிப்பு ஒரு நிமிட நீளமாக இருந்தால், இருபது கிலோமீட்டரில்கூட எந்த வீட்டாருக்கும் அது முழுதாகக் கேட்காது. ‘இதனால் பொதுமக்களுக்குத் தெரிவித்துக்கொள்வது யாதெனில்’ என்று தொடங்கினால் நான்கு விநாடிகள், அதாவது இருபத்திரண்டு மீட்டர், ஒன்றும் சொல்லாமலே கழிந்துவிடும்.

எனவே எங்கள் மன்றத்தில் ஓர் அறிவிப்பை எழுதிப் பார்த்தோம். ஊர்ப் பெயர் முதலில். ஆபத்து அடுத்து. செய்ய வேண்டியது அதற்கடுத்து. போக வேண்டிய இடம் கடைசியில். “தூத்தூர் மக்களே! கொள்ளிடத்தில் வெள்ளம் வருகிறது. ஆற்றில் யாரும் இறங்க வேண்டாம். கரையோரம் இருப்பவர்கள் ஆடு மாடுகளோடு உடனே கிளம்புங்கள். பள்ளிக்கூடத்தில் தங்க இடம் இருக்கிறது. வயதானவர்கள் இருந்தால் கை காட்டுங்கள், வண்டி நிற்கும்.” எங்களுள் ஒருத்தி இதை மைக்கில் நிறுத்தி நிதானமாகப் படித்தாள், கடிகாரத்தில் பதினெட்டு விநாடிகள் ஆயின.